அப்பாவின் கசெற்றுகளிலிருந்து ஓர் அல்பம்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய குடும்ப ஒலிப்பதிவுகளை வைத்து இசை செய்ய விரும்புகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். என்னிடமும் மாதத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார். அவர்களுக்குப் பயன்படும் என்று ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து எழுதிவைக்கிறேன். குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த அளவுக்கே எழுதுகிறேன். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

## பின்னணி

அல்பத்தைச் செய்தவர் முப்பதைத் தாண்டிய ஒருவர். திருகோணமலைக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பகலில் கணக்கு வேலை, இரவில் லப்டொப்பில் பீட். இங்கே அவரை இசைஞர் என்று குறிப்பிடுகிறேன். நான் நகரில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவுக்குக் குரல், திருவிழா அறிவித்தல், ஊர்ப் பிள்ளைகளின் ராப் என்று வருவதைச் செய்வேன். இந்த அல்பத்துக்கு நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றியதிலிருந்து கடைசி மாஸ்டர் வரை என் கூடத்தில்தான் நடந்தது.

இசைஞரின் அப்பா 1990களில் சவூதியில் சாரதியாக வேலை செய்தவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பதென்றால் காசு கரைந்துவிடும். அதனால் வளைகுடாவுக்குப் போனவர்கள் கசெற்றில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். இங்கேயிருந்து பதிலும் அப்படியே போகும். கிழக்கில் தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று வித்தியாசமில்லாமல் இது நடந்தது. அம்மா அனுப்பிய பதில் கசெற்றுகளையும் அப்பா எறியாமல் திரும்பி வரும்போது கொண்டு வந்துவிட்டார். அதனால் இரண்டு பக்கப் பேச்சும் ஒரே பையில் இருந்தது. இது அபூர்வம்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது இவர்களுடைய வீடு போய்விட்டது. கசெற்றுகள் கரையிலிருந்து தள்ளியிருந்த அம்மம்மா வீட்டு அலுமாரியில் இருந்ததால் தப்பின. 2019இல் அப்பா காலமானார். 2021 கடைசியில் அலுமாரியை ஒதுக்கும்போது பை கையில் வந்தது. இசைஞர் அதோடு நேரே என்னிடம் வந்தார்.

அவருக்குப் பிடித்தது ராப் இல்லாத ஹிப்-ஹொப். தாளம், அடித்தொனி, வெட்டி ஒட்டிய ஒலித்துண்டு, இவை மட்டும். இந்த வகை சாம்ப்ளர் என்ற கருவியைச் சுற்றி வளர்ந்தது. ரொஜர் லின் வடிவமைத்து 1988இல் வந்த அக்காய் எம்பிசி60 அதில் முக்கியமானது. பழைய ஒலியை எடுத்து, துண்டாக்கி, ரப்பர் பொத்தானில் விரலால் அடிக்கலாம். 1996இல் டிஜே ஷாடோ தன் முதல் அல்பத்தை ஏறக்குறைய முழுவதும் மற்றவர்களின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து இந்த முறையில் கட்டினார். எங்கள் இசைஞருக்கு இசைத்தட்டு இல்லை. இருந்தது அப்பாவின் பை.

## கசெற்றுகளின் நிலை

இருபதுக்கு மேற்பட்ட கசெற்றுகள். பெரும்பாலும் சி-60, சி-90 (இரு பக்கமும் சேர்த்து எத்தனை நிமிடம் ஓடும் என்பதே அந்த எண்). இரண்டு மட்டும் சி-120. சி-60 நாடா கிட்டத்தட்ட 18 மைக்ரோன் தடிப்பு, சி-120 அதில் பாதி. மெல்லிய நாடா இழுபட்டுவிடும், சுற்றிக்கொள்ளும். அந்த இரண்டையும் தொடாமல் ஒதுக்கி வைத்தோம்.

மற்றவற்றில் பூஞ்சணம்தான் பெரிய தொல்லை. திருகோணமலையில் வாடை மழை, அதாவது வடகீழ்ப் பருவமழை, தொடங்கினால் மூடி வைத்த அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறும். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வெளி ஓடு திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டிருந்த கசெற்றுகளைப் பிளந்து, நாடாவைத் திருகாணி உள்ள வெற்று ஓட்டுக்கு மாற்றினோம். சிலவற்றில் நாடாவை ரெக்கோடரின் தலையோடு (நாடாவை வாசிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு கழன்று கிடந்தது. அது இல்லாவிட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். பாடவிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையின் சாய்வைச் சின்னத் திருகாணிச் சாவியால் திருப்பி, 'ச' ஓசை எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்தினோம். பொறுமை வேண்டிய வேலை. இதை அவசரப்பட்டுச் செய்து கொடுப்பவர்களிடம் கசெற்றைக் கொடுக்காதீர்கள்.

## கவனித்தவை

முதலில் கண்ணில் பட்டது மௌனங்கள். அக்காலச் சின்ன ரெக்கோடர்களில் சத்தத்தின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. ஆள் பேசும்போது அளவு இறங்கும். பேச்சு நின்றால், எதையாவது பிடிக்க வேண்டும் என்று இயந்திரம் மெல்ல அளவைக் கூட்டும். ஆகவே அப்பா அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் இருந்த அறை மேலெழுந்து வருகிறது. ஏசியின் இரைச்சல், பக்கத்துக் கட்டிலில் யாரோ புரளுவது, தூரத்து வாகனம். "பிறகு..." என்று அவர் தொடங்கியதும் அறை கீழே போய்விடுகிறது. ஹிப்-ஹொப் தயாரிப்பாளர்கள் கிக் (தாளத்தின் கனத்த கீழ் அடி) அடிக்கும்போது மற்ற ஒலிகள் பணிந்து எழும்படி, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஸரில் பாடுபட்டுச் செய்கிற அதே அசைவு அந்த நாடாவில் இயல்பாகவே இருந்தது. இசைஞர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

இரண்டாவது விஷயம் மின்வெட்டு நாட்களில் தெரிந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வேலையை நிறுத்த மனமில்லாமல் பற்றரியில் ஓடும் ரெக்கோடரை லப்டொப்பில் மாட்டி மாற்றிக்கொண்டிருந்தோம். கூடத்தில் மின்சாரமே இல்லை, ஆனாலும் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் திரைப் படத்தின் அடியில் ஒரு கோடு விடாமல் நின்றது. எங்கள் வயரிலிருந்து வரும் இரைச்சலாக அது இருக்க முடியாது. நாடாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 அதிர்வு, இலங்கையில் 50. மின்னில் ஓடிய ரெக்கோடரும் ஏசியும் அந்த அதிர்வையும் அதன் மடங்குகளையும் பதிவில் விட்டுவிடும். அப்பாவின் கசெற்றுகளில் கோடு 60, 120 பக்கம் இருந்தது, அம்மாவினுடையவற்றில் 50, 100 பக்கம். பக்கம் என்று சொல்வதற்குக் காரணம், சின்ன ரெக்கோடர்களின் ஓட்ட வேகம் சரியாக இருப்பதில்லை. ஒரு கசெற்றில் கோடு 58இல் நின்றது, இன்னொன்றில் 62இல். அதையே அளவுகோலாக்கினோம். கோடு 60இல் வரும் வரை வேகத்தைத் திருத்தினால் நாடா முழுவதும் சரியான வேகத்துக்கு வந்துவிடும். முதல் கசெற்றைத் திருத்தியபோது இசைஞர் ஹெட்போனைக் கழற்றாமலே, "இப்பதான் அண்ணா அப்பா கதைக்கிறார்" என்றார். அதுவரை கேட்டது கொஞ்சம் மெல்லிய, வேகமான குரல்.

அதோடு முடியவில்லை. 60க்கும் 50க்கும் உள்ள விகிதம் 6க்கு 5. கர்நாடக இசையில் ஸட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு உள்ள தூரம் அது. மேற்கத்திய இசையில் மைனர் தேர்ட் என்பார்கள். அம்மாவின் வீட்டு இரைச்சலை ஸட்ஜமாக வைத்தால் அப்பாவின் அறை இரைச்சல் காந்தாரமாக வந்து நிற்கிறது. 50இன் ஆறாம் மடங்கும் 60இன் ஐந்தாம் மடங்கும் 300இல் சந்திக்கின்றன. யாரும் திட்டமிட்டதல்ல, இரண்டு நாடுகளின் மின்சாரசபைகள் எப்போதோ எடுத்த முடிவு. ஆனால் ஒரு குடும்பம் பிரிந்திருந்த தூரத்துக்கு இசையில் ஓர் அளவு கிடைத்துவிட்டது. அல்பம் முழுவதற்கும் சுருதி அன்றே முடிவானது.

## முதல் வடிவமும் அம்மாவின் பதிலும்

2022 நடுப்பகுதிக்குள் இசைஞர் ஒரு முதல் வடிவத்தை முடித்தார். நிமிடத்துக்கு எழுபது சொச்சம் அடி, மெதுவான நடை. அதன் மேல் அப்பாவின் குரல் தெளிவாக வரும். மகனைப் படிக்கச் சொல்வது, சுகம் விசாரிப்பது, வெயில் கொடுமையைச் சொல்வது. நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். எல்லாருக்கும் பிடித்திருந்தது, ஒருவர் அழுதேவிட்டார்.

பிறகு அம்மாவைக் கூடத்துக்குக் கூட்டி வந்தார். அம்மா இரண்டு ட்ராக் கேட்டார். மூன்றாவதில் அப்பா காசு விஷயம் பேசுகிறார். உறவினர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கடனைப் பற்றிய நாலு வசனம், அதில் கொஞ்சம் கோபமும் உண்டு. அந்த உறவினர் இன்றும் நகரில் இருக்கிறார். அம்மா நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "இது எனக்கு அனுப்பினது தம்பி. ஊருக்கு அனுப்பினதில்ல."

கடன் பேச்சை மட்டும் வெட்டினால் போதுமா என்று இசைஞர் கேட்டார். அம்மா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அன்று அத்தோடு போய்விட்டார்கள்.

## எடுத்த முடிவுகள், காரணங்கள்

அடுத்த சில வாரங்கள் வேலை ஓடவில்லை. "குரலை எடுத்தா என்ன அண்ணா மிச்சம்?" என்பதுதான் இசைஞரின் கேள்வி. நியாயமான கேள்வி. அந்தக் குரல் தந்த துக்கத்தில்தான் இந்த அல்பமே பிறந்தது.

என் கருத்தை அவரிடம் இப்படிச் சொன்னேன். பேசியவர் இல்லை, அவரிடம் கேட்க முடியாது. ஆனால் யாரிடம் பேசினாரோ அவர் இருக்கிறார். அந்தப் பேச்சு அவருடையது. மகன் என்பதால் பாரம்பரியமாக வந்த சொத்துப்போல் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பேச்சில் அடிபடும் மூன்றாம் மனிதருக்கும் ஒரு மரியாதை உண்டு. இது ஒன்று. மற்றது இசை சம்பந்தமானது. குரல் வரும் இடத்தில் கேட்பவர் பீட்டைக் கேட்பதில்லை, கதையைக் கேட்கிறார். யார் இவர், என்ன நடந்தது என்று தேடத் தொடங்குகிறார். சொந்த அனுபவம் இசைக்குள் போக வேண்டும். இசை அதற்குப் பின்னணியாகிவிடக் கூடாது.

வாதத்தால் இதைத் தீர்க்க முடியாது என்று ஒரே ட்ராக்கை இரண்டு விதமாகச் செய்தோம். ஒன்றில் குரல் முழுக்க. மற்றதில் சொல் எதுவும் இல்லை, மௌனங்கள் மட்டும். அப்பா பேச்சை நிறுத்தும் இடங்களை வெட்டி, அறை எழுந்து வரும் அந்தச் சில விநாடிகளை வரிசையாக அடுக்கி, அதன் மேல் தாளம். ரெக்கோடரின் பொத்தான் அமுங்கும் சத்தம்தான் ஸ்னெயர், தாளத்தின் கூர்மையான மேல் அடி. இரண்டாவதைக் கேட்டு முடித்ததும் இசைஞர் முதல் வடிவத்தின் கோப்புகளைத் தானே தனியாக எடுத்து வைத்தார். அன்றிலிருந்து அல்பத்தில் சொல் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஒவ்வொரு கசெற்றும் அப்பாவின் செருமலோடு தொடங்கும். அதையும் எடுத்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டோம். சிரித்துவிட்டு, "அது இருக்கட்டும். படலைக்க வரேக்கயே அந்தச் செருமல் அயலுக்கெல்லாம் கேக்கும்" என்றார். செருமல் முதல் ட்ராக்கில் இருக்கிறது.

ஒரு கசெற்றில் அப்பாவின் அறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது, எழுபதுகளின் சினிமாப் பாட்டு. அதிலிருந்து எடுத்த இரண்டு விநாடித் துண்டு, உண்மையைச் சொன்னால், எங்களிடம் இருந்ததிலேயே அழகான துண்டு. விட்டுவிட்டோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பதிவுக்கான பாதுகாப்பு 50 ஆண்டு, ஆனால் ஆக்கியவரின் உரிமை அவர் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டும். பதிவின் காலம் முடிந்திருந்தாலும் மெட்டு விடுதலையாகாது. விநியோகத் தளங்களில் ஏற்றும்போது எல்லாம் சொந்தம் என்று உறுதி கொடுக்க வேண்டும். பொய் உறுதி கொடுக்க இரண்டு பேருக்கும் விருப்பமில்லை.

ஊரின் ஒலி என்று ஆரம்பத்தில் இசைஞர் கோணேஸ்வரம் கோயில் மணியைச் சேர்த்திருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மணி கேட்டதும் எல்லாருக்கும் அந்தக் கோயில் நிற்கும் சுவாமிமலையின் படம் வந்துவிடும். இந்த வீட்டின் கதையில் அந்த மணிக்கு இடமில்லை. துறைமுகப் பக்கம் கடற்படைப் பகுதி, மைக்கோடு போய் நிற்கிற இடமல்ல. ஆகவே உப்புவெளிக் கரைக்குப் போனோம். அங்கே கரையேற்றி வைத்திருந்த ஃபைபர் படகின் வயிற்றில் உள்ளங்கையால் அடித்த சத்தம்தான் அல்பத்தின் கிக். கரைவலை இழுக்கும்போது கயிறு ஈர மணலில் உரசுவதை, வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுப் பதிந்தோம். இழுப்பவர்கள் அம்பா என்ற வலை இழுக்கும் பாட்டைப் பாடினார்கள். அதைப் பதியவில்லை, அது அவர்களுடைய பாட்டு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் பஞ்சு மூடி போட்ட மைக்கும் உறுமியது. ரோமத் துணியைச் சுற்றி, படகின் மறைவில் விடியப்புறம் பதிந்ததில்தான் உருப்படியாக ஏதோ கிடைத்தது.

தாளத்தைப் பெரும்பாலும் விரலால் அடித்தபடியே விட்டார். மென்பொருளின் காலக் கட்டங்களுக்குள் நேராக்கிய இடங்களில் ஸ்விங், அதாவது அடிகள் துள்ளும் அளவு, 58 சதவீதம். இந்தக் கணக்கில் 50 என்றால் அடிகள் சரிபாதி, 66 என்றால் மும்மையாகத் துள்ளும். இடையில் நிற்கும்போது நடை தளர்ந்து வரும். அந்தத் தளர்ச்சி இந்த அல்பத்துக்கு அவசியம்.

## மிக்ஸ், மாஸ்டர்

இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். ஹிஸ் என்கிற நாடா இரைச்சல் போனது, கூடவே அறையும் போனது. கழற்றிவிட்டோம்.

50 ஹேர்ட்ஸ் ஸட்ஜம் பியானோவின் ஜி சுரத்தைவிட ஏறக்குறைய 35 சென்ற் உயரம் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ற்). கீபோர்ட் ஒலிகளை ஒரு நொடியில் உயர்த்தலாம். பேஸ் கிற்றார் வாசித்த நண்பர் வழக்கமான சுருதியில் வாசித்திருந்ததால் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டி வந்தது. ஃபோன் ஸ்பீக்கரில் 50, 60 கேட்கவே கேட்காது. அதனால் 100, 120, முக்கியமாக 300 மடங்குகளைத் தூக்கி வைத்தோம். சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கு அந்த 300தான் முழு அல்பத்தின் ஆதாரம்.

பாட்டை இணையத்தில் ஓடவிடும் ஸ்ட்ரீமிங் தளங்களில் பெரியவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவு) பக்கம் சத்தத்தைச் சமப்படுத்துகின்றன. நாங்கள் மைனஸ் 16இல் நிறுத்தினோம். அதற்கு மேல் அழுத்தினால் மௌனங்கள் எழுவதற்கு இடமில்லாமல் போகிறது.

## பின்னர் நடந்தவை

2023இல் வெளியானது. ஒன்பது ட்ராக், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. விநியோகத்துக்குக் கட்டிய காசு இன்னும் திரும்பி வரவில்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு சின்ன அறையில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். எந்த விளக்கமும் சொல்லவில்லை. இளம் பிள்ளைகள் சிலருக்கு அலுத்துவிட்டது, எப்போது ராப் வரும் என்று ஒருவர் கேட்டார். பாடல் என்றால் சொல் என்று பழகிய காதுக்கு அது இயல்புதான். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஐயா ஒருவர், பல வருடம் சவூதியில் இருந்தவர், நாலாவது ட்ராக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் இசைஞரிடம் கேட்டார்: "தம்பி, அது ஜன்னல் ஏசிதானே? கொம்பிரசர் நிண்டு திரும்ப எடுக்கிற சத்தம். நாங்க ஆறு பேர் படுத்த ரூம்ல இதே சத்தம்தான்." அப்பாவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் வடிவம் வெளியாகியிருந்தால் அவர் இசைஞரின் அப்பாவுக்காக வருத்தப்பட்டிருப்பார். இப்போது தன்னுடைய அறையைப் பற்றிப் பேசினார். குரலை எடுத்தது சரி என்று எனக்கு முழுதாக உறுதியானது அந்தப் பேச்சில்தான்.

முழுக் குரல் பதிவுகளையும் திருத்திய வேகத்தில் ஒரு பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தோம். சகோதரங்களுக்குப் பிரதி கொடுப்பதை அவரே முடிவு செய்தார். என் கணினியில் வைத்திருந்தவற்றை அவர் முன்னால் அழித்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் குரல் உள்ள வடிவத்தைத் தரும்படி இசைஞரிடம் கேட்டார், நல்ல எண்ணத்தில்தான். கொடுக்கவில்லை.

## இனி இந்த மாதிரி வேலையில் மாற்றுவது

குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பது, பீட் தொடங்குவதற்கு முன். கசெற்றை மாற்றி முடித்த உடனே, இசை எதுவும் சேராத பச்சைப் பதிவை, யாருக்கு அனுப்பப்பட்டதோ அவர் முதலில் கேட்க வேண்டும். இசை சேர்ந்த பிறகு கேட்டால், பிள்ளையின் உழைப்பைக் கெடுக்கிறோமோ என்ற சங்கடத்தில் பலர் மனமில்லாமல் ஆமென்று சொல்லிவிடுவார்கள். இந்த அம்மா சொல்லவில்லை. எல்லாருக்கும் அந்தத் துணிவு வராது.

மாற்றும்போதே குறிப்பேடு வைக்க வேண்டும்: எந்தக் கசெற், எந்தப் பக்கம், எந்த நிமிடத்தில் மூன்றாம் ஆளின் பெயர், எங்கே வானொலி. பயன்படுத்தக்கூடாத இடங்கள் முதலிலேயே தெரிந்தால் அவற்றின் மேல் ஆசை வராது. சுருதி நாடாவிலிருந்து வருகிறதென்றால் வாசிக்க வருபவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாடாவை மாற்றும் கருவி முடிந்தவரை பற்றரியில் ஓடட்டும். அப்போதுதான் நாடாவின் இரைச்சல் எது, நம் வீட்டு இரைச்சல் எது என்று பிரித்தறியலாம்.

ஒதுக்கி வைத்த இரண்டு சி-120 இன்னும் பாக்கி. அவை வீட்டுக்கு மட்டும், இசைக்கு இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார், இசைஞரும் சரி என்றுவிட்டார். வாடை மழை பிடிக்க முன்னர் அவற்றை மாற்றி முடிக்க வேண்டும்.